ஆறாம் நாள் தலைக்கணக்கு

பள்ளி திறந்த இரண்டாம் நாளே மத்தியானக் கஞ்சித் தட்டுகளில் மூன்று கூடுதலாக அழுக்காகியிருந்தன. மூன்றாம் வகுப்பில் பதினைந்து பிள்ளைகள், கழுவ வந்ததோ பதினெட்டுத் தட்டுகள். சமையல்கார ஏலிக்குட்டி இதை ரெஜினா டீச்சரிடம் புகாராகத்தான் சொன்னாள். எந்தப் பிள்ளையோ விளையாட்டுக்குத் தட்டெடுத்துச் சேற்றை அப்பி வைக்கிறது, மூன்றிலும் ஒரு பயறுகூட இல்லை, வெறும் சேறு என்றாள். கண்டிக்கிறேன் என்றாள் ரெஜினா. யாரையும் கண்டிக்கவில்லை. மூன்று என்று கேட்டதுமே பதிவேட்டைத் திறந்து, வகுப்புக்கு வராத மூன்று பெயரைப் பார்த்தாள்.

அந்த மூன்று பெயரையும் பதிவேட்டில் எழுதியது அவள் கைதான். போன வருஷம் ஆடியில், கர்க்கடக மழையில் மலை உருண்டு வந்து மேட்டுக் குடியிருப்பை மூடியபோது, தோண்டித் தோண்டி எல்லோரையும் எடுத்தார்கள், மூன்று பிள்ளைகளைத் தவிர. சாலியின் ஒரே மகன் டிபின். இரட்டைப் பெண்கள் ஜெஸ்னாவும் ஜெனிட்டாவும். பள்ளிக்கூடம் முதலில் முகாமாக இருந்தது, அப்புறம் பூட்டிக் கிடந்தது, பத்து மாதம் கழித்துச் சுண்ணாம்பு அடித்து, பிஷப் வந்து தீர்த்தம் தெளித்து, ஜூனில் திறந்தது. பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை, புதுப் பை, எல்லாம் யாரோ கொடுத்தவை. பிள்ளைகள்தான் குறைந்துபோயிருந்தார்கள்.

திறந்த ஆறாம் நாள் கல்வி ஆபீசர் வந்து தலைகளை எண்ணுவார். பதினெட்டுத் தலை இல்லையென்றால் வகுப்பு போகும், வகுப்போடு டீச்சரும் போவாள். ரெஜினா ஒன்பது வருஷம் காத்திருந்து வாங்கிய வேலை. புருஷனின் ஜீப்பை மலை தின்றுவிட்டது, இப்போது வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில். தலைமையாசிரியை சிஸ்டர் கொன்சாகா அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"செத்தாங்கன்னு சர்க்கார் சொல்லுச்சா? இல்ல. டி.சி. வாங்கிட்டுப் போனாங்களா? அதுவும் இல்ல. அப்ப அவங்க நம்ம பிள்ளைங்கதான் டீச்சரே. கூப்பிடு, ஹாஜர் போடு. ஆறாம் நாளைக்கு மட்டும் மடத்து போர்டிங்லேருந்து மூணு பேரை நான் கொண்டு வரேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இறந்தவர்களுக்கான ஒப்பீசு ஜெபத்தை இந்த மூவருக்கு மட்டும் ஆறாம் நாள் கழிகிறவரை சொல்ல வேண்டாமென்று சிஸ்டர் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கியிருந்தார். கோயிலில் ஜெபம் சொல்லிவிட்டு வகுப்பில் ஹாஜர் போட்டால் ஊர் சிரிக்காதா? ரெஜினாவும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் அவளுக்கே அவள்மேல் காறித் துப்பத் தோன்றியது.

மூன்றாம் நாள் பெயர் கூப்பிட்டபோது, பதினைந்து பேரும் ஹாஜர் சொன்ன பிறகு, மீதி மூன்று பெயரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து மார்க் போட்டாள். ஓட்டின்மேல் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை மெல்ல எழுந்தது, பச்சை மண்ணும் பிய்ந்த வேரும் நசுங்கிய ஏலக்காயும் கலந்த வாடை, மலை உருண்ட அன்று விடியற்காலையில் ஊர் முழுக்க அடித்த அதே வாடை. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டாள் ரெஜினா.

"அங்க இடமில்ல டீச்சர். இடிக்கறாங்க. சட்டையெல்லாம் நனையுது."

கடைசி பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது. ரெஜினா போய்த் தொட்டுப் பார்த்தாள். பலகை ஊறியிருந்தது. அண்ணாந்து பார்த்தாள், கூரை ஒழுகவில்லை. மறுநாள் அதற்கு முந்தின பெஞ்சும் காலியானது. பிள்ளைகள் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிஸ்டரிடம் சொன்னபோது, ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடித்தால் வாடை வரத்தான் செய்யும், ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டுத் தூங்கு என்றார்.

மலை உருண்ட பிறகு எந்தப் பிள்ளையையும் தனியாக வீட்டுக்கு விடுவதில்லை. வீட்டார் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டும், யாரும் வராவிட்டால் டீச்சரே கொண்டுபோய் விட வேண்டும். ஐந்தாம் நாள் சாயங்காலம் அந்த வரிசையின் கடைசியில் சாலி நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"தினமும் என் பையன் பேரைக் கூப்பிடறீங்களாம். பிள்ளைங்க சொல்லுது. ஒப்பீசு சொல்லுங்கன்னு ஃபாதர் கால்ல விழுந்தேன், இப்ப வேண்டாங்கறார். நீங்களாவது சொல்லுங்க டீச்சரே. டிபின் செத்துட்டானா, இல்லையா?"

இறந்துவிட்டான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நாளைக்கு ஆபீசர் வருகிறார்.

"பேரு இருக்கு சேச்சி" என்றாள் ரெஜினா, தரையைப் பார்த்து.

"பேரு இருந்தா பையனும் இருக்கணும்ல. சரி. நாளைக்கு அழைச்சிட்டுப் போக வரேன்."

ஆறாம் நாள் காலையில் மடத்து வழியில் மரம் விழுந்தது. போர்டிங் பிள்ளைகளோடு வந்த ஜீப் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆபீசர் மட்டும் வேறு வழியாக, நனைந்த கால்சட்டையோடு, எரிச்சலோடு வந்து சேர்ந்தார். சிஸ்டர் கொன்சாகாவின் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது. ரெஜினா கரும்பலகையைப் பார்த்து நின்றாள். வேலை போகட்டும், போய்த் தொலையட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

ஆபீசர் பேனா நுனியால் எண்ணினார். முன்வரிசை. நடுவரிசை. பதினைந்து. பேனா நிற்கவில்லை.

பதினாறு.

பதினேழு.

பதினெட்டு.

கையெழுத்துப் போட்டார். "கடைசி பெஞ்ச் பிள்ளைங்களை முகம் கழுவச் சொல்லுங்க டீச்சரே. ஒரே சேறு, கண்ணே தெரியல" என்றபடி குடையை விரித்துக்கொண்டு போனார்.

சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரெஜினா அவர் கையைப் பற்றி, இன்றைக்கே ஒப்பீசு சொல்லச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். சிஸ்டர் கையை உருவிக்கொண்டார். பிறகு, கையெழுத்தாகிவிட்டது, இனிப் பெயரை வெட்டினால் எல்லோரும் மாட்டிக்கொள்வோம், வருஷக் கடைசியில், மார்ச்சில் பார்க்கலாம் என்றார். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மூன்றரைக்கு மணி அடித்தது. பதினைந்து பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் போனார்கள். சாலி கடைசியாக வந்தாள், ஒரு குடையோடும் ஒரு சின்ன மழைக்கோட்டோடும். ரெஜினாவை அவள் பார்க்கவில்லை. ரெஜினாவுக்குப் பின்னால், வகுப்பு வாசலில், இடுப்புயரத்தில் எதையோ பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. டிபின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். மேட்டுப் பாதையில் ஏறினாள், குடையை இடப்பக்கம் தாழச் சாய்த்துக்கொண்டு, வலது தோள் முழுக்க நனைய. நிற்கச் சொல்லி ரெஜினா கை நீட்டினாள். அந்தப் பாதை மலை உருண்ட அன்றே பாதியில் அறுந்துபோயிருக்கிறது. சாலி நிற்கவில்லை, மழைக்குள் மறைந்தாள்.

நோட்டில் இரண்டு பெயர் மிச்சம்.

ஜெஸ்னா. ஜெனிட்டா. கையெழுத்துப் போட அந்த வீட்டில் ஒருத்தரும் மிச்சமில்லை.

முற்றம் காலி. வாடை. வேர். ஏலக்காய். வகுப்புக்குள்ளிருந்து தரையில் ஈரம் இழுபடும் சத்தம். இரண்டு ஜோடிக் கால்.

அவள் திரும்பவில்லை.

இடது கைக்குள் முதலில் நுழைந்தது. சில்லிட்ட, சேறு வழுக்கும் சின்ன விரல்கள். பிறகு வலது கைக்குள். இரண்டும் இறுகின.

"வீட்டுக்குப் போலாம் டீச்சர்."

ரெஜினாவின் கால் படியிறங்கியது. மழையில். மேட்டைப் பார்த்து.