நின்றபடி சாகும் மரம்

ஆஸ்திரேலியாவில், விம்மெரா பக்கம் எங்களுக்குக் கிடைத்த நிலத்தில் வண்டியை அவிழ்த்தபோது எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். ஆற்றோரம் ஒரு கிழட்டு யூகலிப்டஸ் நின்றது. அடிமரம் பொந்தாகி, ஆள் உள்ளே போய் உட்காரலாம் போலிருந்தது. உள்ளே பழைய சாம்பல் வாசனை, அதோடு லேசாகத் தாய்ப்பால் வாசனை. எனக்குப் பிடித்துப்போனது.

என் புருஷன் கிளாரன்ஸுக்குப் பிடிக்கவில்லை. நிழல் விழுந்தால் புல் வராது, புல் இல்லாவிட்டால் ஆடு ஏது? அந்தப் பக்கத்தில் யாரும் மரத்தை வெட்டிச் சாய்த்து மெனக்கெடுவதில்லை. இடுப்புயரத்தில் சுற்றிலும் ஒரு சாண் பட்டையை உரித்துவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்துப்போகும்.

அவன் கோடரியை எடுத்த அன்று டைனா கிழவி வந்தாள். நாங்கள் வருவதற்கு முன் அந்த ஆறு அவள் சனங்களுடையது.

"தம்பி, எங்க பொம்பளைங்க இதுக்குள்ளதான் புள்ள பெத்தாங்க. நானும் இங்கதான் பொறந்தேன்."

"அப்ப பொறந்த வீட்டுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுக் கெளம்பு."

"பாவி! வெட்டிச் சாய்ச்சாக்கூட ஒரேயடியா போயிடும். நிக்க வச்சே கொல்றியேடா!"

அவன் சிரித்துக்கொண்டே உரித்தான். அவள் அப்புறம் வரவேயில்லை.

மறுநாள் அவன் முதுகில், இடுப்புக்கு நேராக, தோல் உரிந்து ஒரு செக்கச்சிவந்த பட்டை. பெல்ட் உராய்ந்தது என்றான். எந்த பெல்ட் இப்படி நாளுக்கு நாள் நகரும்? இரண்டு முனைகளும் விலாவைத் தாண்டித் தொப்புளை நெருங்கின. மரத்தில் இலைகள் காய்ந்தன.

அவனுக்குத் தெரியாமல் களிமண்ணைக் குழைத்து மரத்தின் காயத்தில் அப்பிச் சாக்கால் கட்டினேன். அன்றோடு அவன் உடம்பிலும் அது நின்றது. முனைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளிதான் மிச்சம்.

ஒரு மத்தியானம் பார்த்துவிட்டான்.

"மரத்துக்குக் கட்டுப் போட்டியா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்டி!"

"சிரிச்சுட்டுப் போகட்டும். உன் இடுப்பப் பாருய்யா, கெஞ்சிக் கேக்குறேன்!"

சாக்கைப் பிய்த்தெறிந்து மண்ணைச் சுரண்டினான்.

பொந்துக்குள் ஒரு குழந்தை அழுதது.

அப்புறம் இன்னொன்று.

அப்புறம் எத்தனை என்று தெரியவில்லை.

"கிளாரன்ஸ்?"

தோளைத் தொட்டேன். விறைத்திருந்தது. கோடரியைப் பிடித்தபடி, நின்றபடியே செத்திருந்தான். சட்டையைத் தூக்கினேன். முனைகள் சேர்ந்திருந்தன.

பிடிவாதம் பிடித்த முட்டாள்! அழக்கூட விடாமல் ஆத்திரம்தான் பொங்கியது.

என் மகள் பிறந்தபோது மருத்துவச்சி முகம் வெளுத்தாள். பிஞ்சு இடுப்பைச் சுற்றி அதே பட்டை. ஒரு விரல் இடைவெளி இருந்தது.

"இவ என்னடி செஞ்சா உங்களுக்கு?" என்று பொந்துக்குள் தலையை விட்டுக் கத்தினேன். உள்ளே யாரோ மெல்லத் தாலாட்டினார்கள்.

அன்றுமுதல் விடிந்ததும் முதல் வேலை, மரத்துக்குக் களிமண் பூசுவதுதான். மரம் தளிர்த்தது. மகளும் பால் குடித்துத் தேறினாள். பிழைத்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை போனால், பூசிய மண்ணெல்லாம் கீழே கிடக்கிறது. அதில் விரல் தடங்கள். எல்லாம் பச்சைக் குழந்தையின் விரல்கள்.

வீட்டுக்கு ஓடினேன்.

தொட்டிலில் என் மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் குப்புற விழக்கூடத் தெரியாது.