கை எட்டாத இடம்

கை எட்டாத இடத்தில் களிம்பு பூசியிருந்தது. மதியத் தூக்கம் கலைந்து எழுந்த பெர்னார்தாவுக்குக் கவுன் நடுமுதுகில் பிசுபிசுவென்று ஒட்டியது. மரக்கரண்டியில் துணியைச் சுற்றி முதுகில் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். மருத்துவர் கொடுத்த அதே மருந்துதான்.

எழுபது வயதுக்கு மேல் வந்த அரிப்பு அது. சிரங்கு என்று தெருவே ஒதுங்கியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பிறகு நீர் கோத்த கொப்புளங்கள் கிளம்பின. வயதானவர்களுக்கு எப்போதாவது வரும் நோய், யாருக்கும் ஒட்டாது, ஆனால் ஓர் இடம் விடாமல் உடம்பு முழுக்கக் களிம்பு பூச வேண்டும் என்றார் மெரிதா நகரத்து மருத்துவர்.

"முதுகுக்கு யாரும்மா பூசுவா? வீட்டப் பூட்டிட்டு எங்கூட மான்டெரிக்கு வந்துடு" என்றாள் மகள் லிதியா, போனில்.

"என் முதுகு, என் வீடு. ஒன் வேலையப் பாருடி."

சோள அடை கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி, முதுகைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"பச்சக் கொழந்த முதுகாட்டம் இருக்கேக்கா! சின்ன வயசுல கஞ்சி கொட்டி, பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்துச்சே, அதக்கூடக் காணோம். யாரு பூசிவிட்டா?"

"நான்தான். கரண்டி எதுக்கு இருக்கு?"

கொப்புளம் ஆறும். அறுபது வருஷத் தழும்பு எங்கே போகும்? முதுகில் பூசியது பெர்னார்தா இல்லை. ஆனால் வெளியே சொன்னால் மகள் மறுநாளே வந்து வீட்டைப் பூட்டிவிடுவாள்.

அன்று மதியம் வலைத்தூளியில் படுத்துத் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். சன்னல் கதவிடுக்கில் வெயில் கோடு போட்டிருந்தது, தெருவில் தண்ணீர் வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான், மின்விசிறி புழுக்கத்தைக் கிளறிக்கொண்டிருந்தது, சுவரில் பல்லி சொன்னது, களிம்பின் மெழுகு வாடை மட்டும் தரையிலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்தது. அவள் அசையவில்லை. தூளிக் கயிறு முனகியது.

வலைக்கண் வழியே ஒரு விரல்.

பிறகு நான்கு.

குளிர்ச்சி. மாதக்கணக்கில் எரிந்த உடம்புக்கு அப்படி ஒரு சுகம். அந்தச் சுகம்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"யாரா இருந்தாலும் கேட்டுக்கோ" என்றாள். கண்ணைத் திறந்தாள். "நான் எங்கயும் போக மாட்டேன்."

விரல்கள் நின்றன. தூளியின் ஓரமாக ஒரு கை எழுந்தது. மணிக்கட்டுக்குக் கீழே தோலே இல்லை, வெறும் சிவப்புச் சதை. புறங்கையில் மட்டும் சுருங்கிய பழுப்புத் தோல். அதில் பிறை வடிவத் தழும்பு.

போன் அடித்தது. லிதியாவாகத்தான் இருக்கும்.

பெர்னார்தா எடுக்கவில்லை.

"முதுக எடுத்துக்கிட்டியா? வெச்சுக்கோ. வீடு என்னோடது!"

மறுபக்கத்திலிருந்து இன்னொரு கை வந்தது. அதில் எங்குமே தோல் இல்லை. உள்ளங்கை நிறையக் களிம்பு.

அவள் முகத்தில் ஒரு கொப்புளம்கூடக் கிடையாது. ஆனாலும் அந்தக் கை, நெற்றியிலிருந்து, ஓர் இடம் விடாமல் பூசத் தொடங்கியது.