அத்தை அழைக்கிறார்

கார் அலறியது!

டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்த சிறுமி சுண்டெலிக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது.

டிர்ர்ர்ங்... டிர்ர்ர்ங்...

ஹாரன் இல்லை. அலாரம் இல்லை. போன் மணி! கதவு நான்கிலிருந்தும் ஒரே நேரத்தில்!

டாஷ்போர்டு நடுவில் கறுப்பாகக் கிடந்த திரை சட்டென்று வெளிச்சமானது. அதில் இரண்டே வார்த்தைகள்.

அத்தை அழைக்கிறார்.

யாருடைய அத்தை...?

இது யாருடைய காரும் இல்லை. பழைய கார் ஷோரூமில், 'சர்டிபிகேட் உண்டு, ஒரு வருட வாரண்டி உண்டு' என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி நிற்கும் வெள்ளி நிறக் கார். சுண்டெலியின் போனோ அம்மாவின் கைப்பையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் விரல் அவளைக் கேட்காமலே நீண்டு, பச்சை வட்டத்தைத் தொட்டது.

"எடுத்துட்டியா...?"

ஒரு பெண்ணின் குரல். அழுது அழுது தேய்ந்துபோன குரல்.

"எத்தன மாசமா அடிக்கறேன்... இன்னிக்காவது எடுத்தியே! டேய்... எம் பொண்ண எங்கடா வெச்சிருக்க? உயிரோட இருக்காளா இல்லையா? அதையாவது சொல்லித் தொலடா, பாவி!"

டொக். சுண்டெலி பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

திரை மறுபடி கறுத்தது.

"அம்மாஆஆ!"

கதறலைக் கேட்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள்.

முதலில் அம்மா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். ஸ்கூட்டரில் மழையில் நனைந்து நனைந்து சளி பிடித்துக் கார் வாங்கக் கிளம்பியவள்.

அடுத்து அங்கிள். அம்மாவுக்கு வரப்போகிற இரண்டாவது கணவர். இன்டர்நெட்டில் வரன் பார்த்துக் கிடைத்தவர். 'எனக்கு முன்ன பின்ன யாரும் கிடையாதுங்க' என்று முதல் நாளே சொல்லி அம்மாவின் மனதை உருக்கியவர். வருகிற வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம். பிறகு அம்மா அவருடைய மலை வீட்டுக்கு. சுண்டெலி ஹாஸ்டலுக்கு.

கடைசியாக, கழுத்தில் டை கட்டிய சேல்ஸ்மேன்.

"என்ன பாப்பா? கார்ல கரப்பான் பூச்சியா? சான்ஸே இல்ல, மருந்தடிச்சிருக்கோம்!"

"கார்... கார் பேசிச்சு!"

"பேசாதா பின்ன? டாப் மாடல் பாப்பா இது!"

"இல்லண்ணா... ஒரு அம்மா அழுதாங்க. எம் பொண்ணு எங்கடான்னு..."

சேல்ஸ்மேனின் சிரிப்பு பாதியில் நின்றது.

அதற்குள் அங்கிள் ஜன்னல் வழியாகக் கையை விட்டார். திரைக்கு அடியில் இருந்த மெல்லிய பட்டனை ஓர் அழுத்து அழுத்தினார். திரை மொத்தமாக அணைந்தது.

"லூஸ் கனெக்‌ஷன். சீப்பான செட்டு. இந்தக் கார் வேணாம்."

"ஏங்க?" என்றாள் அம்மா.

"மனசுக்குச் சரியாப் படல."

"மனசுக்கா? நேத்து முழுக்க என் உயிர எடுத்தது யாரு? மனசப் பாக்காத, போல்ட்டப் பாருன்னு பாடம் நடத்துனீங்களே!"

"அது வேற..."

"எதுவும் வேற இல்ல. படிச்சத ஒப்பிக்கறேன், கேளுங்க."

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தாள். அடி நுனியைத் திருப்பிப் பார்த்தாள்.

"வெள்ளத்துல முங்குன வண்டின்னா இங்க சேத்துக் கறை இருக்கும். இல்ல. சரியா?"

"...சரி."

கால்மிதியைத் தூக்கி மோந்து பார்த்தாள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் விரலை விட்டுத் துழாவினாள்.

"துரு இல்ல. ஈரம் இல்ல. வெல்டிங் வெச்ச தடமும் இல்ல."

பானெட்டைத் திறக்கச் சொன்னாள்.

"போல்ட்டுல பெயின்ட் பேந்திருந்தா கழட்டி மாட்டுன வண்டி. பேரல. அப்புறம் டயரு... நாலும் ஒரே வருஷம். தம்பி, இந்த வாரண்டி எதுக்கெல்லாம்?"

சேல்ஸ்மேன் நெற்றியைத் துடைத்தான். "இன்ஜின், கியர்பாக்ஸ் மேடம்..."

"பிரேக்கு? கிளட்ச்சு? பேட்டரி?"

"அதெல்லாம் தேயற சாமான் மேடம். அதுக்குக் கிடையாது."

"நீங்க சொல்ற எடத்துல சர்வீஸ் விடலன்னா?"

"வாரண்டி போச்சு."

"இத ஏன் பேப்பர்ல எறும்பு சைஸ்ல போட்டிருக்கீங்க?"

"எறும்பும் கஸ்டமர்தானே மேடம்!"

அம்மா சிரித்துவிட்டாள். அங்கிள் சிரிக்கவில்லை. அவர் காரைப் பார்க்கவே இல்லை என்பதைச் சுண்டெலி கவனித்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி யார் ஓட்டுனாங்க தம்பி?"

"ஒரே ஓனர் மேடம். லேடி. வேற ஊர் வண்டி. ஒரு புரோக்கர்கிட்டேருந்து எங்ககிட்ட வந்துச்சு."

"ஏன் வித்தாங்களாம்?"

"அது..." சேல்ஸ்மேன் டை முடிச்சைத் தளர்த்தினான். "அந்தம்மா ஊர விட்டே போயிட்டாங்கன்னு கேள்வி. எங்கன்னு தெரியல."

சுண்டெலிக்கு அந்த அழுகுரல் ஞாபகம் வந்தது.

அம்மாவின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா... ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"திட்டற மாதிரிதான் சொல்லுவ. சொல்லு."

"கார்லேருந்து பழைய ஓனரோட போன் இணைப்ப அழிக்க மறந்துட்டாங்க. அதான் கார்ல கால் வந்துச்சு."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான் இல்லம்மா! அந்தப் போன் பக்கத்துல இருந்தாத்தான் கார்ல மணி அடிக்கும். பத்துப் பதினஞ்சு எட்டு தள்ளிப் போனாலே கட்டாயிடும்."

அம்மா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். வரிசையாகக் கார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நீளமான கொட்டகை. வெள்ளிக் காருக்குப் பக்கத்தில் இரண்டே பேர். அங்கிள். சேல்ஸ்மேன்.

"காணாமப் போனவங்க போனு... இங்க ஒருத்தர் பாக்கெட்டுல இருக்கும்மா!"

"அடிப் பாவி... அந்த டைக்காரனையா சொல்ற? பச்சப் புள்ள மாதிரி இருக்கான்."

"பச்சப் புள்ளைக்கு ஏன்மா இப்படி வேர்க்குது?"

"நான் கேட்ட கேள்விக்கு எவனுக்கும் வேர்க்கும். சும்மா இரு. பல்லி கத்துனாலே போலீஸக் கூப்பிடற ஆளு நீ!"

ஆனால் அம்மாவின் உள்ளங்கை ஜில்லிட்டிருந்தது.

டெஸ்ட் டிரைவ்!

"நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் அங்கிள்.

"புதுப் பொண்டாட்டி மொத மொத கார் ஓட்டறேன், கூட வர மாட்டீங்களா?" அம்மா கதவைத் திறந்து பிடித்தாள். "ஏறுங்க."

வேறு வழியில்லாமல் ஏறினார்.

"எனக்குப் பின்னாடி உக்காந்தா வாந்தி வரும்" என்று சொல்லிச் சுண்டெலி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பொய்தான். அவளுக்குத் தேவை வேறு. திரை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

"எல்லாரும் பெல்ட் போட்டுக்குங்க" என்று பின் சீட்டில் அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்த சேல்ஸ்மேன் தன்னுடையதை மாட்டினான். "சார், நீங்களும்."

"பின்னாடி சீட்டுக்கு என்னய்யா பெல்ட்டு?" என்றார் அங்கிள்.

கார் தெருவில் இறங்கியது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் முதல் தூறல்.

"பிக்கப் பாருங்க மேடம், வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி..."

அந்தப் பட்டன் எங்கே? இதோ, திரைக்கு அடியில். பார்த்தால் கண்ணுக்கே தெரியாத கறுப்புப் பட்டன். அதை அங்கிள் எப்படித் தடவாமல், தேடாமல்...?

யோசிக்க நேரமில்லை. சுண்டெலி அழுத்தினாள்.

திரை விழித்தது. ஒரு விநாடி... இரண்டு விநாடி...

போன் இணைக்கப்பட்டது.

போன் காருக்குள்ளேயே இருக்கிறது! கடைசியாக வந்த அழைப்பு... அத்தை. தொட்டாள்.

டிர்ர்ர்ங்... டிர்ர்ர்ங்...

"யேய்! என்ன பண்ற நீ?" பின்னாலிருந்து அங்கிள் கத்தினார்.

சுண்டெலி தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். சேல்ஸ்மேனின் சட்டைப் பையைத் தேடினாள். அங்கே ஒரு பேனா. ஒரு சீப்பு. அவ்வளவுதான். இருட்டு!

வெளிச்சம் பக்கத்துச் சட்டைப் பையிலிருந்து வந்தது.

மெல்லிய வெள்ளைத் துணிக்கு உள்ளே, நெஞ்சுக்கு நேரே, நீலமாக, சத்தமே இல்லாமல் ஒரு போன் எரிந்துகொண்டிருந்தது.

அங்கிள்!

"மறுபடி நீயா?" காரின் நான்கு மூலையிலிருந்தும் அந்தக் குரல். "பேசுடா! ஏன் வாயடச்சுப் போச்சு?"

"ஆ... ஆன்ட்டி..." சுண்டெலி திரையை நோக்கிக் குனிந்தாள். "நான் அவரு இல்ல. நான் ஒரு பொண்ணு."

"பொண்ணா? யாரும்மா நீ? இது எம் மருமவன் நம்பராச்சே! அவன் எங்க? அந்த வெள்ளிக் காரு எங்க? எம் பொண்ணு ஆசையா வாங்குன காரும்மா அது..."

"கார் இங்கதான் இருக்கு ஆன்ட்டி. அதுக்குள்ளதான் உக்காந்திருக்கோம். அவரும் இருக்காரு."

மறுமுனையில் குரல் இறங்கியது.

"அம்மாடி... அந்தக் கார விட்டு எறங்கிடு."

அம்மாவின் கண்கள் கண்ணாடியில் நிமிர்ந்தன. குரலில் ஊசி குத்தப் போகிறவளின் நிதானம்.

"உங்களுக்கு ஒரு அத்தை இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே?"

அங்கிளின் முகம் கழுவிவிட்டது போல மாறியிருந்தது. தேன் ஒழுகும் அந்தச் சிரிப்பு போய், அடியில் கிடந்தது வெளியே வந்திருந்தது.

"வண்டிய ஓரங்கட்டு."

"கட்டறேன். போலீஸ்காரர் நிக்கற எடமா பாத்துக் கட்டறேன்."

"கட்டுடீ!"

இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்தார். ஒரு கை அம்மாவின் கழுத்துக்கு. இன்னொரு கை ஸ்டியரிங்குக்கு.

"சார்! சார், என்ன சார் இது?" சேல்ஸ்மேன் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தொங்கினான்.

கார் பாம்பு மாதிரி வளைந்தது. முன்னால் சிக்னல். நடுவே மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்கள். பக்கத்தில் ரெயின்கோட் போட்ட டிராபிக் போலீஸ்காரர்.

"சுண்டெலி! கெட்டியா உக்காரு!"

அம்மா பீப்பாய்களுக்கு நேரே விட்டாள்.

டமார்!

வெள்ளைப் பலூன்கள் இரண்டு பிய்த்துக்கொண்டு வெடித்தன. பெல்ட் போட்ட மூன்று பேரைப் பெல்ட் இழுத்துப் பிடித்தது. போடாத ஒருவர் சேல்ஸ்மேனின் கையிலிருந்து உருவிக்கொண்டு பறந்து போய், அந்தத் திரையிலேயே மண்டையை மோதிச் சரிந்தார்.

மழை கண்ணாடியைத் தட்டியது. இன்ஜின் நின்றுவிட்டது.

குரல் மட்டும் நிற்கவில்லை.

"டேய்... எம் பொண்ணு எங்கடா?"

விரிசல் விட்ட திரைக்கு அரை அடி தூரத்தில் அவருடைய முகம். புருவத்திலிருந்து ரத்தம். பாதி மயக்கத்தில் கண்கள் சுழன்றன. குரல் போனிலிருந்து வருகிறதா, காரிலிருந்தே வருகிறதா என்று அவருக்கு விளங்கவில்லை போலும். குழந்தை மாதிரி முனகினார்.

"அத்த... வேணாம் அத்த... அவ மலை வீட்டுலதான் இருக்கா... பின்னாடி... தண்ணித் தொட்டிக்கு அடியில..."

சுண்டெலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த மலை வீடு! வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அம்மா போக இருந்த வீடு!

ஸ்பீக்கரில் ஒரு விம்மல். ஒன்றே ஒன்று.

"போதும்... தெரிஞ்சுபோச்சு. போதும்."

அம்மா பலூனை ஒதுக்கிவிட்டு, கையைத் திரைமீது வைத்தாள். "லைன்ல இருங்கக்கா. வெச்சுடாதீங்க. நாங்க இருக்கோம்."

அங்கிளுக்கு விலங்கு மாட்டிப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போனபின், ஒரு பெண் இன்ஸ்பெக்டர் நனைந்த குடையோடு வந்தார்.

"பேர மாத்தியிருக்கான். ஊர மாத்தியிருக்கான். தாடிய எடுத்திருக்கான். பழைய நம்பர மட்டும் விடல."

"ஏன் மேடம்?" என்றாள் சுண்டெலி.

"பொண்டாட்டியோட காச அவன் சுருட்டி வெச்ச பேங்க் கணக்கு அந்த நம்பர்ல இருக்கு. ஓ.டி.பி. வரணுமில்ல? சைலன்ட்ல போட்டு நெஞ்சுலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். கார்ல இருந்த செட்ட அணைச்சான், போன்ல இருக்கற புளூடூத்த அணைக்கணும்னு தோணல." இன்ஸ்பெக்டர் அம்மாவைப் பார்த்தார். "காருக்கு இவ்ளோ பாத்தீங்களாமே... ஆள விசாரிக்கலையா?"

அம்மா மழையைப் பார்த்தாள். "சிரிச்ச மூஞ்சிங்க மேடம். பானெட்ட தூக்கிப் பாக்கத் தோணல."

சுண்டெலி அம்மாவின் தோளில் முகம் புதைத்தாள். ஹாஸ்டல் கிடையாது. வெள்ளிக்கிழமை கிடையாது. அம்மா இருந்தாள். சூடாக, மூச்சோடு, டெட்டால் வாசனையோடு.

சேல்ஸ்மேன் முழங்கையில் கட்டோடு வந்தான். டை எங்கேயோ போயிருந்தது. மூக்கு அப்பளமாகிப் போன காரைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தான்.

"மன்னிச்சுக்கோ தம்பி" என்றாள் அம்மா. "ஒன் வண்டிய நாசம் பண்ணிட்டேன்."

"விடுங்க மேடம். உசுரு பெருசா, பம்பர் பெருசா?" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "வாங்கறதா இருந்தா இப்பவே சொல்லுங்க... ஏர்பேக் வேலை செய்யுதான்னு கேக்க மறந்தீங்களே, அதையும் செக் பண்ணிட்டீங்க!"