படகு வண்டிக்கு ஒரு முட்டுக் கம்பி

வாண்டுவின் அப்பா இரண்டு வருடமாகக் கொல்லையில் ஒரு படகு கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதுவே விழுங்கியது. நாளைக் காலை அது முதன்முதலாக ஏரியில் இறங்கப் போகிறது. இழுத்துப்போக மாமா ஜீப் தருவார், அதுவும் நாளை ஒரு நாள்தான்.

பாழாய்ப்போன விரிசல் இன்றைக்கா கண்ணில் பட வேண்டும்? படகை ஏற்றும் டிரெய்லரின் குறுக்குச் சட்டத்தில், நட்டநடுவே, விரல் நீளத்துக்கு!

"போச்சு! வழியில உடைஞ்சா படகு சுக்குநூறுதான்" என்று அப்பா தலையில் கைவைத்தார்.

"வெல்டரைக் கட்டிக்கிட்டு இதுக்கா கவலைப்படுறீங்க?" என்றாள் அம்மா.

படகைக் கப்பியில் தூக்கித் தொங்கவிட்டார்கள். அம்மா பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தை அறுத்து, விரிசலுக்கு மேலே முட்டுக் கம்பியாக வைத்தாள். முதலில் பொட்டுப் பொட்டாக மட்டும் பற்றவைத்தாள். பார்க்க ஜம்மென்று இருந்தது.

வாண்டுவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. படகின் அடியில் புகுந்து பெயிண்ட் அடித்தது அவள்தானே!

"அம்மா, முழுசா ஒட்டிடாதே! படகுக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கிற அடிக்கட்டை இதுல இடிக்கும்."

"வண்டியை ரெண்டு தடவை அளந்தேன்டி."

"படகை அளந்தியா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். இருவரும் அண்ணாந்து படகைப் பார்த்தார்கள்.

வாண்டு கம்பியின் மேல் சாக்பீஸை நன்றாகத் தேய்த்தாள். "மெதுவா இறக்குங்கப்பா... இன்னும் கொஞ்சம்... போதும், தூக்குங்க!"

நீல அடிக்கட்டையில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு!

"அடியாத்தி! முதல் பள்ளத்துலயே அடி பொளந்திருக்குமே" என்றார் அப்பா.

"கம்பியைச் சட்டத்துக்கு அடியில வெச்சா என்னம்மா?" என்று கேட்டாள் வாண்டு.

 அம்மா சுத்தியலால் நாலு தட்டு தட்டிக் கம்பியைக் கழற்றினாள். அதைச் சட்டத்தின் அடியில் பொருத்தி, விரிசலையும் சேர்த்து முழுதாகப் பற்றவைத்தாள். பொறி பறந்தபோது வாண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அம்மாவின் கண்டிப்பான உத்தரவு அது.

மறுநாள் ஏரிக்கரை வரைக்கும் வண்டி துளிகூட முனகவில்லை. படகு தண்ணீரில் ஜோராக மிதந்தது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

படகுத்துறைக் காவலாளி குனிந்து டிரெய்லரின் அடியைப் பார்த்தார். "அட, நல்ல வேலையா இருக்கே! யார் செஞ்சது?"

"பத்தவெச்சது நான்" என்ற அம்மா, வாண்டுவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "எங்க இன்ஜினியர் இவங்க."

"ஆமா" என்றாள் வாண்டு. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்தாள்.