சன்னிபாதம்

மரம் அறுத்த வலி இரண்டு நாளாகியும் சுப்புராயனின் தோளை விட்டு இறங்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். "உடம்பு கொதிக்குது" என்றாள் பெண்டாட்டி ராணியம்மாள். அவனே நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. அதைச் சொன்னதும் அவள் தம்பி செல்லமுத்து அவன் கைகளைத் தலைமாட்டுச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்தான். முடிச்சுப் போட்டவள் அவள்.

"சன்னி கண்டவன எழுந்து ஓட வுடக் கூடாதுக்கா. சும்மா படுத்துக்கினு இரு மாமா."

இடஒதுக்கீட்டு மறியலுக்காகக் கச்சிராயபாளையம் ரோட்டில் விடிகாலையில் புளியமரத்தை அறுத்தது அவனும் செல்லமுத்துவும் சேர்த்து மூன்று பேர். சாய்ந்த மரம் மலைக்காரன் வேடியப்பன்மேல் விழுந்தது. போலீஸ் வண்டி வெளிச்சம் தெரிந்ததும், மூச்சு இருந்தவனைக் கரும்புக்காட்டுக்குள் இழுத்துப் போட்டுக் காய்ந்த சோகைத் தழையால் மூடினார்கள். "இருட்டுனதும் தூக்கிக்கலாம் மாமா" என்ற செல்லமுத்து, ஊருக்குள் வந்து, "வேடியப்பன் மலை ஏறிட்டான்" என்றான். இருட்டிய பிறகும் யாரும் தூக்கப் போகவில்லை. சுப்புராயன் உண்மையைச் சொல்ல வாயெடுத்ததும் அதற்குச் சன்னி என்று பேர் வைத்தான்.

பஸ் ஓடவில்லை, ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாட்டு வைத்தியர் தெய்வசிகாமணி வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"சன்னின்றது சுருக்கிச் சொல்றதும்மா. பழைய பேரு சன்னிபாதம், வடமொழி. ஒண்ணாக் கூடி வுழறதுன்னு அர்த்தம். வாதம், பித்தம், கபம், இதுல ஒண்ணு கெட்டாத் தாங்கலாம். மூணும் கூடி ஒருத்தன்மேல வுழுந்தா, அவன் பேசறது அவன் பேச்சே இல்ல."

"அப்ப இன்னா சொன்னாலும் நம்பக் கூடாது, அப்படித்தானுங்க?" என்றான் செல்லமுத்து.

"காதுலயே வாங்காத."

"கரும்புக்காட்டுல போய்ப் பாருங்கய்யா! ராணி, நீயாவது சொல்லு..."

அவள் முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். துடைத்த கை அங்கேயே நின்று அழுத்தியது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். கட்டில் கயிற்றின் நாரை யாரோ பொறுமையாக, ஒவ்வொன்றாகப் பிய்க்கிற சத்தம். கரும்புச் சோகையின் புழுக்க வாடையும் அறுத்த புளியங்கட்டையின் ஈர வாடையும் தரையிலிருந்து எழும்பி, விளக்குப் புகையோடு கலந்து நெஞ்சை அடைத்தன.

"கேக்குதா? நாரு பிய்க்கிறான். சன்னி முத்துனா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தியர் இறங்கிப் போனார்.

சுப்புராயனின் கைகள் தலைமாட்டில் கட்டுண்டு கிடந்தன. செல்லமுத்து அவற்றைப் பார்த்தான். ராணியம்மாள் பின்வாங்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.

முதுகுக்கடியில் ஒரு கயிறு அறுந்தது. இன்னொன்று.

"மாமா... என் காலு..."

கட்டிலுக்கடியிலிருந்து நீண்ட கை செல்லமுத்துவின் கணுக்காலைப் பிடித்திருந்தது. மற்றொரு கை அறுந்த கயிற்றின் வழியே மேலே வந்தது. மண் அப்பிய கை. சுப்புராயனின் கன்னத்தருகே உள்ளங்கையை விரித்தது. காத்திருந்தது.

வேடியப்பனுக்கு வாய்க்கரிசி இன்னும் பாக்கி.