ஏரிப் பக்கமிருந்து எடுத்த படம்

வலது தோள்பட்டை காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டிங் பிரஸ்ஸின் கைப்பிடியைப் பதினோரு வருடம் இழுத்த தோள். இப்போது காதுக்கு மேல் கை போகாது. சட்டை மாட்டுவதற்கே மனைவி உஷா பிடித்துவிட வேண்டும். கேமராவைக் கையை நீட்டிப் பிடித்து, மாட்டிய மீனோடு தன்னையே எடுத்துக்கொள்ள உத்தமனால் முடியாமல் போனது அதனால்தான். ஒரு தடவை இடது கையால் முயன்றான். படத்தில் அவன் காதும் பாதி மீனும்தான் விழுந்தன.

“கையையே விரிக்க முடியல, இவ்ளோ பெரிய மீன் புடிச்சேன்னு எப்படிடா காட்டுவே?” என்று கேன்டீனில் நாகேஷ் கேட்டான். மேஜையே சிரித்தது. அதற்கு மறுநாள் உத்தமன் விவேக் நகரில் தியோடரின் ஸ்டூடியோவுக்குப் போனான்.

கண்ணாடி மேஜைமேல் மூன்று பழைய கேமராக்கள்.

“இது அமுக்குனா எடுக்கும், அவ்ளோதான். டைமர் இல்ல,” என்றார் தியோடர். “இதுல டைமர் இருக்கு, ஆனா பேட்டரி. ஈரம் பட்டா படுத்துரும். நீ ஏரிக்குத் தூக்கிட்டுப் போறவன், இதப் பாரு. முழுக்க ஸ்பிரிங். கீழ போட்டாலும் சாவாது. பத்து செகண்ட் டைமர்.”

சின்ன நெம்புகோலைத் திருப்பிவிட்டார். கிர்ரென்று ஓடியது. உத்தமன் எண்ணினான். மோல்டுக்குள் பிளாஸ்டிக் இறுகும்வரை நாள் முழுக்க எண்ணுகிறவன்; அவன் எண்ணிக்கை தப்பாது. பத்தில் கிளிக். சரியாகத்தான் இருந்தது. ஆனால் கிளிக்குக்குப் பிறகும் ஒரு சத்தம் வந்தது, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு மூச்சு விடுவது போல.

“இன்னா சார் அது?”

“ஸ்பிரிங்கு. வயசாச்சுல்ல, மூச்சு வாங்குது. எனக்கும்தான்.”

நெலமங்கலா ஊர் தாண்டி அவன் வாராவாரம் மீன் பிடிக்கும் ஏரிக்கு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே, வாங்கிய ஸ்பிரிங் கேமராவோடு சைக்கிளில் போய்விட்டான். டிசம்பர் பனி தண்ணீரையும் கரையையும் ஒன்றாக்கியிருந்தது. பாசியும் எருமைச் சாணமும் தூண்டில் இரைக்கு ஊறிய ராகி மாவும் கலந்த வாடை மூக்கில் ஏற, எங்கோ ஒரு மீன் துள்ளி விழுகிற சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நாலு பக்கமும் சுற்றிவந்தது. வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் தோள் எரியாமல் இருக்கும்.

ஆறரை மணிக்கு ஒரு ரோகு மாட்டியது. மூன்று கிலோ இருக்கும். கரைக் கல்லின்மேல் கேமராவை வைத்து டைமரைத் திருப்பிவிட்டு, பத்தடி இறங்கி, தண்ணீருக்கு முதுகு காட்டி, மீனை நெஞ்சோடு அணைத்து நின்றான். பனியில் கல் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. கேமரா தெரியவில்லை. கிர்ர் மட்டும் கேட்டது.

பத்து. கிளிக் இல்லை. பன்னிரண்டு. அவன் அசையவில்லை. பிரஸ் திறக்கும் முன் அசைந்தவர்கள் விரல் இல்லாமல் வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன். பதினாலில் கிளிக்.

இரண்டாவது படத்துக்குப் பதினேழு. மூன்றாவதுக்கு இருபத்திரண்டு, சிரிக்க மறந்துவிட்டோமே என்று அவன் உதட்டை விரித்த பிறகுதான் கிளிக் வந்தது. நாலாவதுக்கு முப்பது. போய் எடுத்தபோது கேமரா கல்லின்மேல்தான் இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பனி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை தியோடர் கழுவி எடுத்த நாலு படங்களையும் வரிசையாகப் பரப்பினார்.

“யாரு எடுத்தது, உத்தமா?”

“நான்தான். கல்லு மேல வெச்சி.”

“கதை வுடாத. மொத படம் கல்லு கிட்டேர்ந்து, ஒத்துக்கறேன். ரெண்டாவது ஆள் நிக்கற உயரம். மூணாவதுல கிட்டயே வந்துட்டான். நாலாவதப் பாரு.”

நாலாவதில் உத்தமனின் முதுகு இருந்தது. ஈரச் சட்டை, கழுத்து மயிர், தூக்கிய இடது தோள். அவனுக்கு அந்தப் பக்கம் கரை. கரையில் அந்தக் கல். கல்லின்மேல் ஒன்றும் இல்லை.

“இடுப்பு ஆழம் எறங்கி எடுத்திருக்கான். நல்ல கை. அவனக் கூட்டிட்டு வா, கல்யாண ஆர்டருக்கு ஆள் தேவைப்படுது.”

உத்தமன் தலையாட்டினான். படங்களை உறையில் போட்டு வாங்கிக்கொண்டான்.

“அந்தச் சனியனத் தூக்கிப் போடு,” என்றாள் வீட்டில் படங்களைப் பார்த்த உஷா. “அந்தப் பக்கமே போவாத.”

“எம் பின்னாடி எவனோ நின்னிருக்கான், உஷா. யாருன்னு தெரியாம இனிமே அங்க நான் எப்படி உக்காருவேன்?”

“உக்காராத. உன்னை யாரு கும்புட்டுக் கூப்புட்டாங்க?”

அவளிடம் எப்படிச் சொல்வது. அந்த மூன்று மணி நேரமும் போய்விட்டால், பிறகு பிரஸ்ஸும் எரிகிற தோளும்தான்.

ஞாயிறு. அதே பனி. இந்தத் தடவை தூண்டில் இல்லை. இடது கையில் ஒரு முழ இரும்புக் கம்பி. கேமராவைக் கல்லின்மேல் வைத்து டைமரைத் திருப்பினான். இறங்கி நின்றான். கல்லையே பார்த்தான்.

கிர்ர்.

பத்து. இருபது. தவளைச் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. முப்பது. பனி சற்று விலகியது. கல் தெளிவாகத் தெரிந்தது.

கல் காலி.

கிர்ர் நிற்கவில்லை. பின்னால். தண்ணீரில்.

முப்பத்தைந்து. தண்ணீர் விலகி வழிவிடும் சத்தம். ஒரு அடி. இன்னொரு அடி. பாசி நாற்றம், மோல்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி போல, ஆனால் குளிர்ந்து. நாற்பது. திரும்ப வேண்டும். கம்பியை ஓங்க வேண்டும். உடம்பு கேட்கவில்லை. பதினோரு வருடம் பழகிய உடம்பு. எண்ணி முடியும்வரை அசையாது. நாற்பத்தொன்று. கழுத்தில் மூச்சு. வாயில் தண்ணீர் வைத்த மூச்சு.

கிளிக்.

கம்பி விழுந்தது. அந்த இடது கைக்குள் கேமரா வந்தது. ஈரமாக. சில்லிட்ட விரல்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன்மேல் வைத்தன. அவசரமில்லாமல். வலது கையைத் தொடவில்லை. எந்தக் கை ஆகாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

பிறகு அது அவனைக் கடந்து கரையேறியது. கல்லருகே போய் அவன் பக்கம் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இரண்டு கைகளையும் நெஞ்சோடு அணைத்து, நேராக, அசையாமல், அவன் மீனோடு நின்றது போலவே நின்றது.

காத்திருந்தது.

அது அவனை ஐந்து படம் எடுத்துக் கொடுத்திருந்தது. அவன் அதற்கு ஐந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.