மூன்று முறை பதில் இல்லை

இரண்டாவது இயந்திரத்தில் பச்சை விளக்கு எரியக் கூடாது. எரிந்துகொண்டிருந்தது.

ஜன்னலே இல்லாத சர்வர் அறையில், பிடரியில் ஏசியின் குளிர் இறங்க, தேன்கூட்டுக்குள் தலையைக் கொடுத்தது போன்ற மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே, காலை பத்து மணியிலிருந்து அவன் அதோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். வேலை பார்ப்பது முதல் சர்வர். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் ஏற்றுக்கொள்ள இரண்டாவது. முதலாவது நொடிக்கொரு தரம் ‘இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று செய்தி வராவிட்டால், இரண்டாவது அதன் பெயரையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். வெளியே இருப்பவர்களுக்கு ஆள் மாறியதே தெரியாது. இன்றைக்கோ, முதலாவது கல்லுக்குண்டு மாதிரி ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவது அதைச் செத்துப்போனதாக முடிவுகட்டி, பொறுப்பேற்றதற்கான பச்சையைப் போட்டுவிட்டது.

கேபிளை மாற்றினான். இரண்டையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினான். நல்ல கேபிளையே கழற்றித் திரும்பவும் மாட்டினான். பச்சை அப்படியே இருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சுவர் ஃபோனில் மேனேஜர்.

“ரெண்டுல ஒண்ணு ஓடுதுல்லப்பா? அப்புறம் எதுக்கு உயிரை விடுற?”

“உயிரோட இருக்கறதை இல்லைன்னு சொல்லுது சார்.”

“அப்ப அதுகிட்டயே கேளு.”

அதற்குப் பிறகு ஃபோனை எடுக்க அவனுக்கு மனசில்லை. இரண்டு மணிக்கு அடித்தது. மூன்று மணிக்கு அடித்தது. நான்கு மணிக்கும். கைபேசிக்கு இங்கே சிக்னல் கிடையாது. மனைவியாகத்தான் இருக்கும் என்று தெரியும். ஐந்து மணிக்குள் வந்து மகளின் சைக்கிளுக்குச் செயின் மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தான். ஒரு வாரமாக நாளை நாளை என்று கடத்தி, இன்றைக்குச் சத்தியமே செய்திருந்தான். ஆனால் கை நிறைய கேபிள், வாயில் டார்ச். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டான்.

நாலே முக்காலுக்கு அவனே வீட்டுக்கு அடித்தான். மகள் எடுத்தாள்.

“அப்பா வாசல்ல செயின் மாட்டுறாரு. நீங்க யாரு?”

“அப்பாதான்டி பேசுறேன். விளையாடாதே.”

அவள் சிரித்தாள். “அம்மா, யாரோ அப்பா மாதிரியே பேசுறாங்க.”

“அப்பாகிட்டயே குடு” என்று மனைவியின் குரல். சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவன் செருமுவது போலவே.

“மூணு தடவை கூப்பிட்டாங்க,” என்றது அவன் குரல், ரொம்ப நிதானமாக. “பதில் இல்லை. அதான் வந்துட்டேன்.”

அவன் வாய் திறப்பதற்குள், “இனிமே நான் பார்த்துக்கறேன். நீங்க சிரமப்படாதீங்க” என்றது.

ரிசீவரைத் தொங்கவிட்டு ஓடினான். கதவில் அட்டையைத் தேய்த்தான். சிவப்பு. மறுபடியும் தேய்த்தான். சிவப்பு. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு முழத் தூரத்தில், வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை எரியும்வரை தட்டினான். அவர் சாவகாசமாக எழுந்து கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். அவன் அங்கே இல்லாதது போல, அவனைத் தாண்டிப் பார்த்தார்.

“சார் அப்பவே கிளம்பிட்டாரு,” என்றார் வாக்கி டாக்கியில். “உள்ள யாரும் இல்லை.”

அவருடைய கை அறை விளக்குகளின் சுவிட்சுப் பலகைக்குப் போனது.

பொறுப்பை ஏற்ற இயந்திரம் அடுத்து என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். ஒரே வேலையை இருவர் செய்தால் எல்லாம் குழம்பிப்போகும். ஆகவே பழையதன் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

முதல் சர்வரின் விசிறி நின்றது.

கடைசி வரிசை விளக்கு அணைந்தது. அவன் வீட்டுத் தெரு எது?

அடுத்த வரிசை. மனைவியின் முகம்.

ரிசீவரை எட்டிப் பிடித்தான். காதில் வைத்தான். அந்தக் குரல் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. குழந்தை ஓடி வந்தது.

அது யாருடைய பெயர்?

தலைக்கு மேலே இன்னும் ஒரு விளக்கு.